வழிச்செலவும் வழித்துணையும்

பழந்தமிழில் 'செலவு' என்னும் சொல்லுக்குப் பயணம் என்றும் ஒரு பொருள் உண்டு. செல்லுதல் செலவு. பணம் கையைவிட்டுச் செல்வதும் செலவு. மனிதன் வீட்டைவிட்டுச் செல்வதும் செலவு. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்த நம் முன்னோர், விலை கொடுக்காத பயணம் எதுவும் இல்லை என்பதை உணர்ந்தே இருந்திருப்பார்கள். அந்த விலையைக் கொடுப்பவர் யார் என்பதுதான் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி. பயணம் போகிறவனே கொடுக்கிறானா? அல்லது அவன் அறியாமலே வேறு யாரோ கொடுத்துக் கொண்டிருக்கிறார்களா?

அண்மையில் எங்கள் இல்லத்தில் நடந்த ஓர் உரையாடல் இந்தக் கேள்வியை என் உள்ளத்தில் எழுப்பியது.

என் தம்பி மகன் வளைகுடா நாடொன்றில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவன். அறந்தாங்கியிலிருந்து சொந்தக் காரிலேயே குடும்பத்துடன் அஜ்மீருக்குச் சென்று, ஹஸ்ரத் காஜா முயீனுத்தீன் சிஷ்தி (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தில் ஜியாரத் செய்துவிட்டு, அங்கிருந்து மேற்கே ஜோத்பூர், ஜைசல்மேர் வரை போய்த் தார்ப் பாலையைக் கண்டு வரவேண்டும் என்பது அவன் நெடுநாள் ஆசை. எண்பதைக் கடந்த என் தாயாரும் அஜ்மீரைக் கண்ணால் கண்டுவிட வேண்டும் என்று ஏங்கிக் கொண்டிருந்தார்கள். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கூடத்து மேசையில் வரைபடம் விரிந்தது.

அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை, திருச்சி, பெங்களூரு, பூனா, அகமதாபாத், உதயப்பூர் வழியாக அஜ்மீர் சேர ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். அதுவரை அவனுக்குக் கவலை இல்லை. வழியெங்கும் ஊர்கள், வழியெங்கும் உணவகங்கள். ஜோத்பூரைத் தாண்டிய பிறகுள்ள நிலந்தான் அவனை மிகவும் சிந்திக்க வைத்தது.

அதற்குக் காரணம் உண்டு. 2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்குப்படி நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 348 பேர் வாழ்ந்தார்கள். ஜைசல்மேர் மாவட்டத்தில் வாழ்ந்தவர்கள் 17 பேர். பரப்பிலோ அது 38,401 சதுர கிலோமீட்டர். நம் மாவட்டத்தைப்போல் எட்டு மடங்குக்கும் மேல். அவ்வளவு பெரிய நிலத்தில் மொத்தம் 6,69,919 மக்கள். நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதையே போதாதென்று குறை சொல்கிறோம். அங்கே 200 மில்லிமீட்டரைக் காண்பதே அரிது. ஜோத்பூருக்கும் ஜைசல்மேருக்கும் இடைப்பட்ட வடபகுதியிலுள்ள பலோடியில் 2016 மே மாதம் 51 பாகை வெப்பம் பதிவாயிற்று.

தம்பி மகன் இவற்றையெல்லாம் குறித்து வைத்திருந்தான். கோடையைத் தவிர்த்து டிசம்பரில் புறப்படுவது. நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை. பொழுது சாய்ந்தபின் பாலைச் சாலையில் வண்டி செலுத்துவதில்லை. எரிபொருள் பாதியாகக் குறையும்போதே நிரப்பிக் கொள்வது. ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். மாற்றுச் சக்கரம் இரண்டு. அத்தம்மாவின் மருந்துகள் இரட்டைப் பங்கு. கைப்பேசித் தொடர்பு அறுந்துபோகும் இடங்களுக்காக அச்சிட்ட வரைபடம். எல்லையை ஒட்டிய சில பகுதிகளுக்குத் தேவையான முன் அனுமதி. இப்படி நாற்பத்து மூன்று இனங்கள் கொண்ட பட்டியல் அது. படித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"எல்லாம் நம்மிடமே இருக்கும் பெரியத்தா. வழியில் யார் தயவும் நமக்கு வேண்டாம்" என்றான் பெருமிதத்துடன்.

சாய்வு நாற்காலியில் தஸ்பீஹ் மணியை உருட்டிக் கொண்டிருந்த என் தாயார் மெதுவாகக் கேட்டார்கள்: "யார் தயவும் வேண்டாமென்றால் வீட்டிலேயே இருந்துவிடலாமே அத்தா. எதற்காக இவ்வளவு தூரம் போக வேண்டும்?"

எல்லோரும் சிரித்தோம். எனினும் இரவு நெடுநேரம் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

ஒட்டகத்தைக் கட்டுவது

திட்டமிடுதல் இறைநம்பிக்கைக் குறைவு என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உளர். 'அல்லாஹ் பார்த்துக் கொள்வான்' என்று சொல்லிவிட்டு, பார்க்க வேண்டியதைப் பாராமல் புறப்படுவதை அவர்கள் தவக்குல் என்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்ற நபிமொழியின் கருத்தை நாம் அனைவரும் அறிவோம். மேடைகளில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். அதைவிடத் தெளிவான சான்று நம் கண்முன்னே வரலாறாக நிற்கிறது.

கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனா சென்ற பயணத்தை எண்ணிப் பாருங்கள். பயணத்துக்கென ஹஸ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை முன்பே வாங்கித் தீனியிட்டு வளர்த்து வைத்திருந்தார்கள். மதீனா இருப்பது வடக்கே. அவர்கள் முதலில் சென்றதோ தெற்கே, தௌர் குகைக்கு. அங்கே மூன்று இரவுகள். அபூபக்கர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் இரவில் வந்து ஊர்ச் செய்தி சொல்வார். மகள் அஸ்மா (ரலி) உணவு சேர்ப்பார். ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி) ஆட்டு மந்தையை அவ்வழியே ஓட்டிச் சென்று காலடித் தடங்களை அழிப்பார். மூன்றாம் நாள் கழிந்ததும் ஒட்டகங்களுடன் வந்து வழிகாட்ட ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார். இத்தனை ஏற்பாடுகளும் முடிந்த பிறகு, தேடி வந்தவர்கள் குகை வாயிலில் நின்ற வேளையில், இறைவன் நம்முடன் இருக்கிறான் என்று தம் தோழரைப் பெருமானார் தேற்றினார்கள். மனிதனால் இயன்றதெல்லாம் செய்து முடித்த இடத்தில் அந்தச் சொல் பிறந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆகவே என் தம்பி மகனின் பட்டியலில் நான் குற்றம் காணவில்லை. குற்றம் காணும் தகுதியும் எனக்கில்லை. ஏனெனில், பட்டியல் இல்லாமல் புறப்பட்ட பயணத்தின் கடனொன்று இன்னும் என்மீது இருக்கிறது.

ஒரு குடம் தண்ணீர்

1983ஆம் ஆண்டுக் கோடை. மழை பொய்த்த காலம். நானும் நண்பர் இருவரும் அறந்தாங்கியிலிருந்து அரிமளம் வழியாகக் காட்டுபாவா பள்ளிவாசலுக்கு மிதிவண்டியில் புறப்பட்டோம். திருமயம் வட்டாரத்தில் மதுரைச் சாலையோரம் உள்ள அந்தத் தலத்தை அறியாதார் நம் மாவட்டத்தில் இல்லை. வழிப்பறிக்காரரிடம் சிக்கிய பெண்களைக் காக்கப் போராடி உயிர் நீத்த பெரியவர் அங்கே அடங்கியிருக்கிறார் என்பது மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. சாதி சமய வேறுபாடின்றி எல்லோரும் அங்கே வருகிறார்கள்.

நாங்கள் கையில் தண்ணீர் கொண்டு போகவில்லை. 'வழியில் கிடைக்காதா என்ன?' என்ற இளமையின் அலட்சியம். உச்சிப் பொழுதில் செம்மண் பொட்டல் ஒன்றில் நா வறண்டு, தனித்து நின்ற ஒரு குடிசையின் வாசலில் போய் நின்றோம். ஓர் அம்மையார் ஒன்றும் பேசாமல் குடத்தை எடுத்து வந்து வைத்தார். நாங்கள் மூவரும் வயிறு நிறையக் குடித்தோம். அதோடு நின்றோமா? எஞ்சியதில் முகம் கழுவினோம். தலையிலும் ஊற்றிக் கொண்டோம். நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்தோம்.

அரைமைல் போனபின் ஓர் ஊரணி. நீரின்றித் தரை வெடித்துக் கிடந்தது. அதன் நடுவில் தோண்டிய ஊற்றுக் குழியைச் சுற்றிப் பெண்கள் குடங்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அகப்பையால் அள்ளி அள்ளி ஒரு குடம் நிரம்ப எத்தனை நேரம் ஆகுமோ! திரும்பிப் பார்த்தேன். நாங்கள் காலி செய்த அதே குடத்தை இடுப்பில் வைத்துக் கொண்டு பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, அந்த வெயிலில், செருப்பில்லாத காலோடு வந்து கொண்டிருந்தாள்.

நாங்கள் மிதிவண்டியை விட்டு இறங்கவில்லை. வெட்கத்தினாலோ, நேரமாகிவிட்டதென்ற சாக்கினாலோ, தலையைத் திருப்பிக் கொண்டு போய்விட்டோம். எங்கள் தவக்குலின் விலையை அந்தச் சிறுமி கொடுத்தாள். அவளுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேலாகியிருக்கும். பெயரும் தெரியாது.

முன்னேற்பாடு இல்லாத பயணி தன்னைத் துணிச்சல்காரன் என்று எண்ணிக் கொள்கிறான். உண்மையில் அவன் தன் சுமையை இன்னொருவர் தலையில் ஏற்றுகிறான். அதிலும், ஏற்கெனவே சுமையோடு நிற்பவர் தலையில் ஏற்றுகிறான். ஆளரவமற்ற நிலத்தில் இந்தத் தவறு பன்மடங்காகும். அங்கே கேட்பதற்கு இருப்பது ஒரே வீடு. அந்த வீட்டில் இருப்பது ஒரே குடம்.

தார்ப் பாலையில் ஒரு துளி நீரும் தானாகக் கிடைப்பதில்லை. முற்றத்தில் விழும் மழையைச் சரிவாக ஓடவிட்டு நிலத்தடித் தொட்டியில் சேர்க்கிறார்கள். அதற்கு 'டாங்கா' என்று பெயர். மேட்டிலிருந்து வழியும் வெள்ளத்தைக் கரைகட்டித் தேக்கி, அது மண்ணில் ஊறியபின் அந்த ஈரத்திலேயே பயிர் செய்கிறார்கள். அது 'கடீன்' எனப்படும். நம் பக்கத்துக் கண்மாய்க்கும் ஊரணிக்கும் அவை தூரத்து உறவு. 1958இல் தொடங்கிய பெருங்கால்வாய், இன்று இந்திரா காந்தி கால்வாய் என வழங்குவது, பஞ்சாபின் ஹரிகேயிலிருந்து ஏறத்தாழ 650 கிலோமீட்டர் ஓடி 1987இல் ஜைசல்மேர் நிலத்தை எட்டியது. அப்படியும் கால்வாய்க்கு எட்டாத ஊர்கள் எத்தனையோ. ஆகவே, 'அவர்களுடைய தண்ணீரை நாம் கேட்கக் கூடாது. அதுவே அவர்களுக்குச் செய்யும் மரியாதை' என்று தம்பி மகன் வாதிட்டபோது, அவன் பக்கம் நியாயம் இருந்தது. நான் குடித்த குடம் அவனுக்காகச் சாட்சி சொன்னது.

தயவு வேண்டாதவன் உண்டா?

எனினும், யார் தயவும் வேண்டாம் என்ற சொல் உண்மையா?

பாலையைக் கடந்த பழைய பயணிகளில் இப்னு பதூதாவைப்போல் நமக்கு நெருக்கமானவர் வேறு யார்? 1340களில் மதுரைச் சுல்தானின் அவைக்கும் வந்து தங்கியவர் அவர். 1352இல் அவர் சஹாராவைக் கடந்த வரலாற்றில் ஒரு செய்தி வருகிறது. பாலையின் மிகக் கொடிய பகுதிக்குள் நுழையுமுன், வணிகக் கூட்டத்தார் 'தக்ஷீஃப்' எனப்படும் ஒரு தூதனைக் கூலிக்கு அமர்த்துவார்கள். அவன் தனியே முன்சென்று, வலாத்தா என்னும் ஊரில் உள்ளவர்களிடம் கடிதங்களைச் சேர்ப்பான். அவர்கள் நான்கு நாள் வழி எதிர்கொண்டு வந்து, கூட்டத்தாருக்குத் தண்ணீர் தருவார்கள். அந்தத் தூதன் வழியில் மாண்டுபோனால், பின்னால் வரும் கூட்டத்தின் கதியும் அதுவே ஆகலாம். இப்னு பதூதாவின் கூட்டம் நூறு மிஸ்கால் பொன் கொடுத்து அமர்த்திய தூதனுக்கு ஒரு கண் இல்லை. மற்றொரு கண்ணும் நோயுற்றது. ஆயினும் பாதையை அறிந்தவர்களில் அவனுக்கு நிகர் இல்லை. ஏழாம் நாள் இரவு, எதிர்கொண்டு வந்தவர்கள் மூட்டிய தீ தொலைவில் தெரிந்தபோது அவர்கள் மகிழ்ந்தார்கள்.

எவ்வளவு கச்சிதமான திட்டம்! அந்தத் திட்டத்தின் உயிர்நாடியோ முன்பின் அறியாத ஒரு மனிதனின் வாக்கு. பொன் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஆளில்லாப் பாலையில் தனியே செல்பவன் வாக்கு மாறாமல் இருப்பதற்குப் பொன் மட்டுமே காரணமாகுமா? ஹிஜ்ரத்தின்போது வழிகாட்ட அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது இஸ்லாத்தை ஏற்றவரல்லர். பெருமானாரைப் பிடித்துத் தருவோர்க்கு நூறு ஒட்டகங்கள் பரிசு என்று குறைஷியர் அறிவித்திருந்தார்கள். அவர் கூலியை மட்டும் கணக்கிட்டிருந்தால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்? சொன்ன சொல்லைக் காத்தார். திட்டமிட்டவர்கள் அவருடைய நேர்மையையும் நம்பியே திட்டமிட்டார்கள்.

நம் பட்டியலிலும் மனிதர்கள் மறைந்திருக்கிறார்கள். மணல் மூடிய சாலையை நாள்தோறும் தள்ளித் துப்புரவு செய்பவர். ஐம்பது கல் தொலைவுக்கு ஒரே எரிபொருள் நிலையத்தில் இரவும் பகலும் காத்திருப்பவர். கால்வாயின் மதகைக் காப்பவர். காசு கொடுத்துவிடுவதால் அவர்களுடைய தயவு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சதுர கிலோமீட்டருக்கு 348 பேர் வாழும் இடத்தில், யாரும் யாருக்கும் வேண்டியவரல்லர் என்ற மயக்கம் எளிதில் வந்துவிடுகிறது. ஒரு கடை மூடியிருந்தால் அடுத்த கடை. 17 பேர் வாழும் இடத்தில் அந்த மயக்கம் நில்லாது. அங்கே எதிர்ப்படும் ஒவ்வொரு முகமும் உதவிக்கு ஒரு வாய்ப்பு.

நம் மார்க்கம் இதை முன்னரே உணர்ந்து வழி வகுத்திருக்கிறது. ஜகாத்துக்கு உரியவர் எண்வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். ஊரில் செல்வராக இருப்பவரும் வழியில் கையற்று நின்றால் அவருக்கு அதில் உரிமை உண்டு என்று நம் சட்ட அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா, கூஃபாவிலிருந்து மக்கா வரை 1,400 கிலோமீட்டருக்கு நீண்ட ஹஜ்ஜுப் பாதையில் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் அமைத்தார். 831இல் அவர் மறைந்தார். அப்பாதையை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். நம் சீமையில் சத்திரமும் சுமைதாங்கியும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்தவர்கள் அதே அறத்தைத் தமிழில் செய்தவர்கள்.

அந்தப் பாலையும் அறமில்லாத நிலமன்று. அங்கே பெருமரமாக நிற்கும் 'கேஜ்ரி' நம் வன்னி மரமே. ராஜஸ்தானின் மாநில மரமும் அதுவே. பொக்ரானுக்கு அருகே ராம்தேவ்ராவில் இந்துக்கள் ராம்தேவ் என்று வணங்கும் பெரியவரை முஸ்லிம்கள் ராம்சா பீர் என்று போற்றுகிறார்கள். மாங்கணியார் என்னும் முஸ்லிம் இசைவாணர்கள் தலைமுறை தலைமுறையாக இந்துக் குடும்பங்களின் திருமணத்திலும் பிள்ளைப்பேற்றிலும் பாடி வருகிறார்கள். மனிதர் குறைந்த இடத்தில் மனிதர் ஒருவரையொருவர் இழக்கத் துணிவதில்லை போலும். காட்டுபாவாவின் சீமையிலிருந்து போகிறவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

பட்டியலில் விடுபட்டது

மறுநாள் காலை இவற்றையெல்லாம் தம்பி மகனிடம் சொன்னேன். அந்தக் குடத்தின் கதையையும், நாற்பதாண்டு கடந்து, முதன்முறையாக அவனிடந்தான் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தான்.

"அப்படியானால் கேட்கவும் கூடாது; கேட்காமலும் இருக்கக் கூடாது என்கிறீர்களா பெரியத்தா?" என்றான்.

நல்ல கேள்வி. என் விடை இதுதான். நம் தேவைக்காக மற்றவருடைய குடம் காலியாகக் கூடாது. அதற்காகவே திட்டம் வேண்டும். மற்றவர் மனமுவந்து நீட்டுவதை வாங்க நம் கை கூசவும் கூடாது. அதற்காகத் திட்டத்தில் இடம் விடவேண்டும். வாங்குவதற்கு முன் கொடுக்க நம்மிடம் ஏதேனும் இருக்கட்டும்.

அவன் சிறிது யோசித்துப் பட்டியலைத் திருத்தினான். ஆளுக்கு ஐந்து லிட்டர் என்றிருந்ததற்குக் கீழே, 'வழியில் நிற்போர்க்கு இருபது லிட்டர்' என்று சேர்த்தான். மணிக்கணக்காக வகுத்திருந்த பத்து நாட்களில் ஒன்றை வெறுமையாக விட்டான். வழியில் யாரேனும் 'இருந்துவிட்டுப் போங்கள்' என்று சொன்னால் இருப்பதற்கும், யாருக்கேனும் உதவி தேவைப்பட்டால் நிற்பதற்கும் அந்த நாள்.

முன்னாளில் நம் ஊரில் ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் கடனையெல்லாம் தீர்த்து, வீடுவீடாகச் சென்று மன்னிப்புக் கேட்டு, அடைக்கலப் பொருளை உரியவரிடம் சேர்த்துவிட்டுப் போவார்கள். தம்மைக் கொல்லத் துணிந்த மக்காவாசிகளின் அமானிதப் பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக ஹஸ்ரத் அலி (ரலி) அவர்களை ஊரிலேயே விட்டுச் சென்ற பெருமானாரின் வழிமுறை அது. விட்டுச் செல்லும் இடத்துக்கு நாம் பட்ட கடமையும் பயணத் திட்டத்தின் ஒரு பகுதியே. இதை நான் எடுத்துச் சொன்னதும், மதில் தகராறில் ஈராண்டாகப் பேசாதிருந்த பக்கத்து வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்துவர அவன் ஒப்புக் கொண்டான். அது ஒன்றும் எளிதாக இல்லை. இரண்டு நாள் தயங்கிவிட்டே போனான்.

திருத்திய பட்டியலை என் தாயாருக்குப் படித்துக் காட்டினோம். கண்ணை மூடியபடி முழுவதும் கேட்டார்கள்.

"எல்லாம் சரி. நம் வாசலில் இருக்கிற தண்ணீர்ப் பானையைப் பத்து நாளும் யார் நிரப்புவது?"

ஆடு மேய்ப்பவர்களும் விறகு சுமப்பவர்களும் குடித்துப் போவதற்காக, என் தந்தையார் காலந்தொட்டு எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் ஒரு பானை இருக்கிறது. நாள்தோறும் அதை நிரப்புபவர்கள் என் தாயார்தாம். நாற்பத்து மூன்று இனங்களிலும் அது இல்லை. 2,500 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தண்ணீரைப் பற்றி இரண்டு நாட்களாக வாதிட்ட எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

அந்தப் பொறுப்பைப் பக்கத்து வீட்டுக்காரரே கேட்டு வாங்கிக் கொண்டார்.